மூன்று தம்ளர் மோர்

எங்கள் மருத்துவமனையின் சேர்க்கைப் படிவத்தில் இந்த வருடம் புதிதாக ஒரு கேள்வி ஏறியிருக்கிறது. ‘நோயாளிக்குத் தெரியாமல் உணவிலோ பானத்திலோ மருந்து ஏதும் கலந்து கொடுக்கப்படுகிறதா?’ ‘எங்கள்’ என்று எழுதிவிட்டேன். விருப்ப ஓய்வு வாங்கி எட்டு மாதம் ஆகிறது, கைக்கு இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

வார்டில் புதிதாகச் சேர்ந்த இரண்டு செவிலியர்கள் அந்தப் படிவத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, இப்படியெல்லாம் யாராவது செய்வார்களா சார், செய்தாலும் ஆமாம் என்று எழுதுவார்களா, இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார்கள். அதே வாரம் ஆண்டு மலருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்: அந்தக் கேள்வி என் கழுத்து வழியாக வந்தது, படிவம் வரை வந்துசேரத்தான் இத்தனை வருடம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. செவிலியர் பயிற்சியில் எங்கள் வகுப்பில் நாற்பது பெண்கள், நான்கு பையன்கள். மூன்றரை வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றது படுக்கை விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் மடக்குவதும், மயங்கி விழும்போது தலை அடிபடாமல் விழுவதும். ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போடக் கற்றுக்கொடுத்தபோது விழுந்த ஒரே மாணவன் நான்தான். காலையில் எந்த நோயைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்களோ அது சாயங்காலம் எனக்கு வந்துவிடும். மஞ்சள் காமாலை மூன்று தடவை வந்திருக்கிறது, எல்லாம் விடுதியின் மஞ்சள் பல்பு கொடுத்தது. மயிலாப்பூரில் எழுபது படுக்கை உள்ள இந்த மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் குணம் மாறவில்லை. எங்கள் வார்டு ஆயா கன்னியம்மா, நொச்சிக்குப்பத்துக்காரர், தினமும் துடைப்பத்தைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்:

“இன்னிக்கு இன்னா சீக்கு நைனா உனுக்கு?”

ஆண் செவிலியரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பிரதர் என்பார்கள். கன்னியம்மாவுக்கு மட்டும் நான் நைனா.

நான் சொல்லப்போவது பதினெட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கோடை. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. பொது மருத்துவப் பிரிவுக்கு டாக்டர் கோமதி என்று ஒருவர் புதிதாக வந்திருந்தார். முப்பத்தொரு வயது, அடையாறிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். என்னைவிடச் சின்னவர் எனக்கு மேலே வந்து உட்கார்ந்தது எனக்கு உறுத்தாமல் இல்லை. அதிலும் அவருடைய இரண்டு பழக்கங்கள் எரிச்சலாக இருந்தன. ஒன்று, தெரியாததைத் தெரியாது என்று நோயாளி முன்னாலேயே சொல்லிவிடுவார். “எனக்கு இன்னும் புரியல. பார்க்கிறேன்” என்பார், வெட்கமே இல்லாமல். டாக்டர் என்றால் தெரிந்த மாதிரி தலையாவது ஆட்ட வேண்டாமா என்று எனக்கு இருக்கும்.

இரண்டாவது, எதையும் இரண்டு தடவை கேட்பார். படுக்கைப் பக்கத்தில் ஒரு தடவை. பிறகு கூட வந்தவரைத் தனியாக லிப்ட் பக்கம் அழைத்துப் போய், அதே கேள்விகளை, அதே வரிசையில் இன்னொரு தடவை. எங்கள் லிப்ட் அடிக்கடி நின்றுவிடும், அந்த மூலைக்கு யாரும் வர மாட்டார்கள். அங்கே கேட்டபோதுதான் ஒரு பெரியவர் குடிப்பதை நிறுத்தவே இல்லை என்று அவர் மனைவி சொன்னார். கல்லூரிப் பெண் ஒருத்தி எலி மருந்து சாப்பிட்டிருந்ததும் அங்கேதான் தெரிந்தது. ஆனாலும் நான் அதை ‘லிப்ட் பிராது’ என்று கேலி செய்துகொண்டிருந்தேன்.

கத்திரி வெயில் நாளொன்றின் காலை, பத்து மணி இருக்கும். தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து ஒரு இளைஞனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயர் தங்கதுரை, இருபத்தொன்பது வயது. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கூட வந்தவர் தாயார் பொன்னுத்தாய். அண்ணன் ஒருவர் வந்து முன்பணம் கட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

காய்ச்சல் நூற்று நான்கு. நாலைந்து நாளாகவே காய்ச்சல், பேச்சு குறைந்துவிட்டது, நடக்கவில்லை என்றார் தாயார். வெயில் அடித்துவிட்டது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அதற்கு முந்தைய கோடையில் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றிலிருந்து லேத் ஓட்டுபவர் ஒருவரை இதே காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். அவர் தோல் பொரித்த அப்பளம் போலக் காய்ந்து, தொட்டால் நொறுங்கிவிடும் என்று பயமாக இருந்தது. ஆனால் தங்கதுரையைத் தொட்டபோது என் கை வழுக்கியது. சட்டை, பேன்ட், படுக்கை எல்லாம் வேர்வையில் நனைந்திருந்தன. நாடி நூற்று நாற்பது. ரத்த அழுத்தம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. அரை மணி கழித்துப் பார்த்தால் பாதாளத்தில். மறுபடி பார்த்தால் மேலே. கருவிதான் பழுது என்று நினைத்து மூன்று கருவிகளை மாற்றினேன். மூன்றும் ஒன்றையொன்று ஒத்துக்கொண்டன.

சட்டையை மாற்றக் கையை மடக்கப் பார்த்தேன். மடங்கவில்லை.

எத்தனையோ கைகளை மடக்கியிருக்கிறேன். பக்கவாதம் வந்த கை ஒரு இடத்தில் முரண்டு பிடித்துப் பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும். வலியில் இருப்பவர் கை உதறும். இது அப்படி இல்லை. ஒரு ஈயக் குழாயை வளைப்பது போல, தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம் வரை ஒரே எதிர்ப்பு. விட்ட இடத்திலேயே நிற்கிறது. உயிருள்ள ஒரு மனிதனின் கை, நெருப்பாய்ச் சுடுகிறது, ஆனால் உலோகம்.

நான் சட்டையை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

“மோருல… என்னமோ போடுதாங்க.”

தாயார் அப்போது மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தார். நான் அவன் தோளைத் தட்டி, இங்கே மோரெல்லாம் கிடையாது தம்பி, குளுகோஸ்தான் என்று ஒரு ஜோக் அடித்தேன். பிறகு கேஸ் ஷீட்டில் என் அழகான கையெழுத்தில், நோயாளி சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்று ஆங்கிலத்தில் எழுதி, நேரம் குறித்து, கையெழுத்தும் போட்டேன்.

டாக்டர் கோமதி வந்தார். அவர் பார்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். ஸ்டெதஸ்கோப்பை உடனே எடுக்க மாட்டார். கட்டிலின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பிறகு தங்கதுரையின் முழங்கையை ஒரு கையில் ஏந்தி, மணிக்கட்டை மறு கையால் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மடக்கினார், நீட்டினார், மடக்கினார். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதை ஒட்டுக் கேட்பவர் முகம் போல இருந்தது. கழுத்தை முன்னால் வளைத்தார், பக்கவாட்டில் திருப்பினார். எல்லாத் திசையிலும் அதே இறுக்கம். மூளைக் காய்ச்சலில் கழுத்து முன்பக்கம் மட்டும்தான் முரண்டு பிடிக்கும் என்றார். இருந்தாலும் அதை விட்டுவிட முடியாது. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தோம். பன்னீர் போலத் தெளிவாக வந்தது. முடிவு வரும்வரை இருக்கட்டும் என்று ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார். மலேரியாவுக்குப் பார்த்தோம், இல்லை. உடம்பில் ஏதாவது காயம் இருக்கிறதா என்று நகக்கண் வரை தேடினோம், இல்லை.

தாயாரிடம் கேட்டார்: வீட்டில் ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா? மனசுக்கு, தூக்கத்துக்கு, வாந்திக்கு, எதற்காவது? ஒன்றும் இல்லை என்றார் பொன்னுத்தாய். லிப்ட் பக்கம் அழைத்துப் போய்த் திரும்பவும் கேட்டார். அங்கேயும் இல்லை. என் ‘லிப்ட் பிராது’ முதல் தடவையாகத் தோற்றதில் எனக்கு அற்பமான ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

“இது மருந்து பண்ற வேலை மாதிரியே இருக்கு பிரதர்,” என்றார் டாக்டர் என்னிடம். “ஆனா மருந்தே இல்லங்கிறாங்க.”

வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, விழுங்கும்போது நுரையீரலுக்குப் போய்விடும் என்று கட்டிலில் அட்டை மாட்டினோம். இங்கேதான் நான் கதைக்குள் நுழைகிறேன்.

பொன்னுத்தாய் ஓர் எவர்சில்வர் தூக்கு நிறைய மோர் கொண்டுவந்திருந்தார். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் தட்டிப்போட்ட மோர். அன்று சாயங்காலம் நான் அறைக்குள் போனபோது, மகன் வாயில் ஸ்பூனால் அதை ஊட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். அதட்டி நிறுத்தினேன். ரெண்டு வாய்தான் தம்பி, இது போனால்தான் தெளிவான் என்று கெஞ்சினார். முடியவே முடியாது என்று தம்ளரை வாங்கினேன். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. வார்டில் ஏசி வேலை செய்யாமல் ஒரு வாரம். கையில் ஐஸ் போட்ட மோர். மற்றதை நீங்களே ஊகிக்கலாம்.

“வேணாம் தம்பி, அது வேணாம், நீங்க குடிக்காதிய,” என்று எழுந்தே விட்டார் அந்த அம்மா. நான் அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன். வீணாக்கக் கூடாது அம்மா என்று பெரிய மனிதனாகச் சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தேன். அவர் வாயைத் திறந்தார், மகனைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை புதுத் தூக்கு வந்தது. மறுபடி அதட்டினேன், மறுபடி குடித்தேன். சாயங்காலமும். கடமையும் ஆசையும் ஒரே தம்ளரில் கிடைப்பது அபூர்வம். அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் கொஞ்சம் மந்தமாக இருந்தது, அதே சமயம் ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரத்தது. வெயில் என்று விட்டுவிட்டேன். தங்கதுரையின் கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பை அன்று கறுத்த டீயின் நிறத்துக்கு மாறியிருந்தது. அதைப் பார்த்ததும் டாக்டர் சி.பி.கே. என்ற பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார். தசை உடைந்தால் அதிலிருந்து ரத்தத்துக்குள் கொட்டுகிற ஒரு பொருளின் அளவு அது.

மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ். தங்கதுரையின் கட்டிலருகே நின்று நான் நாடி, அழுத்தம், காய்ச்சல் எல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன். நூற்று நான்கு என்று சொல்லப் போனேன், நாக்கு வாய்க்குள் ஊறிப்போன இட்லி மாதிரி கிடந்தது. தாடை இறுகியது. பிறகு யாரோ பின்னாலிருந்து என் மோவாயைப் பிடித்து வலப்பக்கம் திருப்புவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. பார்த்த கழுத்து திரும்பி வரவில்லை. கண் இரண்டும் மேலே போய் மின்விசிறியில் ஒட்டிக்கொண்டன.

“இன்னா நைனா, ஃபேன பாத்துக்கினே கீறே? அது ஓடல, தெரியும். எலக்ட்ரீசியன் வந்துகினு கீறான்,” என்றார் கன்னியம்மா.

நான் சாகிறேன் என்று சொல்ல முயன்றேன். வந்தது வேறு ஏதோ. கன்னியம்மா சிரித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மாதத்தில் மட்டும் நான் அவரிடம் இரண்டு தடவை இறுதி விடை பெற்றிருந்தேன். முப்பது வருட வேலையில் உண்மையாகவே எனக்கு ஒன்று நேர்ந்த அந்த ஒரே தருணத்தில், என்னை நம்ப ஒரு ஜீவன் இல்லை. தங்கதுரையின் மூளைக் காய்ச்சல் எனக்கு ஒட்டிக்கொண்டது, மதியத்துக்குள் நானும் ஈயக் குழாய், என் மனைவிக்குச் சேமிப்புப் பத்திரம் இருக்கும் பீரோ சாவி எங்கே என்று தெரியாது. இப்படி எல்லாம் வரிசையாக ஓடியது. உயிர் போகும்போது மனிதன் பீரோ சாவியைத்தான் நினைப்பான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

டாக்டர் கோமதி சிரிக்கவில்லை. என் மோவாயைத் தன் விரல்களில் ஏந்தினார். தங்கதுரையின் முழங்கையைப் பிடித்த அதே பிடி. கண்ணை மூடினார். திறந்ததும், கழுத்து இழுப்பை விடுவிக்கும் ஊசி ஒன்றின் பெயரைச் சொன்னார். அவரே போட்டார். நாற்காலியில் உட்காரவைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதீங்க, இது விட்டுடும் என்றார். கால் மணி நேரத்தில் யாரோ முடிச்சை அவிழ்த்தது போலக் கழுத்து நேரானது. அந்த நிமிடத்தில் அவர் முப்பத்தொரு வயதுப் பெண்ணாக எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் தெரிந்ததில்லை.

“வாந்திக்கு ஏதாவது மாத்திரை போட்டீங்களா?”

இல்லை.

“வேற ஏதாவது சாப்பிட்டீங்களா? வெளியில?”

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியின் சாப்பாட்டைத் தொடக் கூடாது என்பது விதி. அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு நோயாளிக்கு வந்த திராட்சைக் கூடையில் நான் கைவைத்துப் பிடிபட்டு, இன்னொரு தடவை நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று எழுத்தில் வாங்கியிருந்தேன். மந்தைவெளியில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். சுற்றிலும் வார்டே நிற்கிறது. “ஒண்ணும் இல்ல டாக்டர். வீட்டு இட்லிதான்” என்றேன். இரண்டு அடி தள்ளி ஒருவன் வெந்துகொண்டிருக்கிறான். நான் திராட்சையை நினைத்துப் பொய் சொன்னேன்.

டாக்டர் தலையசைத்தார். என் தோளைப் பிடித்து எழுப்பி, கொஞ்சம் நடக்கலாமா என்று கூட்டிப் போனார். எங்கே போகிறோம் என்று பாதி வழியில் எனக்குப் புரிந்துவிட்டது. லிப்ட் அன்றும் நின்றிருந்தது. அவர் அதே குரலில், அதே வரிசையில் கேட்டார். வாந்திக்கு மாத்திரை? வேறு ஏதாவது சாப்பிட்டது? எத்தனையோ பேரை அங்கே நிறுத்தி அவர் கேட்டதை நான் தூரத்திலிருந்து பார்த்துச் சிரித்திருக்கிறேன். கிட்டே நின்றால்தான் தெரிகிறது, அந்த முகத்தில் தண்டனை ஏதும் இல்லை. காத்திருப்பு மட்டும்தான்.

“மோர் குடிச்சேன் டாக்டர்,” என்றேன். “தங்கதுரை அம்மா கொண்டாந்த மோர். மூணு தம்ளர்.”

சொன்ன வாயோடு எனக்கே அது கேட்டது. முதல் நாள் என் காதில் விழுந்த வாக்கியம். அதையும் சொன்னேன். டாக்டர் ஓடவில்லை, வேகமாக நடந்தார். நான் பின்னால்.

பொன்னுத்தாயை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. இவர் நீங்கள் கொண்டுவந்த மோரைக் குடித்தார், இப்போது இவருக்கு என்ன ஆனது என்று பார்த்தீர்கள், அதில் என்ன இருந்தது என்று தெரிந்தால் உங்கள் மகனைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா என் கழுத்தைப் பார்த்தார். பிறகு கைப்பையின் அடியிலிருந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்னப் பாட்டிலை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

“மாத்திரை குடுத்தா துப்பிருவான்ம்மா. கடையில எல்லாரும் தன்னையே பாக்குறாங்கன்னு கத்துவான். முத வைத்தியர் குடுத்த சொட்டு மருந்து, வாசம் கிடையாது, ருசி கிடையாது. மோருல விட்டா தெரியாது. இப்பம் பொண்ணு வீட்டுல பேச்சு நடக்கு. வெளிய தெரிஞ்சா என்னத்துக்கு ஆவும்? பத்து நாளா ரொம்ப மொறச்சான், அதான் கூட்டினேன்.”

எத்தனை சொட்டு என்று டாக்டர் கேட்டார். சொட்டுக் கணக்கெல்லாம் பழைய கதை, இப்போது மூடிக் கணக்கு என்று அவர் விரலால் காட்டிய அளவைப் பார்த்து எனக்கு மறுபடி கழுத்து வலித்தது. மகன் விறைத்துப்போனதும், நோய் முற்றிவிட்டது என்று இன்னும் கூட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரியிலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் முற்றிவிடும் என்று யாரோ சொன்னதை மட்டும் அவர் மறக்கவில்லை. மோரில் மருந்து இருக்கிறது என்று அவன் அடிக்கடி சொல்வானாம். அதையும் நோயின் அறிகுறி என்றே வீட்டில் எடுத்துக்கொண்டு, அதற்காகவும் இரண்டு சொட்டு கூட விட்டிருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் லேபிலிருந்து போன் வந்தது. சி.பி.கே. அளவு இயந்திரம் காட்டக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது, ரத்தத்தை நீர்க்கவைத்துத் திரும்பவும் ஓட்டுகிறோம் என்றார்கள். டாக்டர் போனை வைத்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார்: நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆயிரத்தில் யாரோ ஒருவருக்கு இப்படித் திரும்பும் என்றார். மருந்து கூடும்போதோ, உடம்பில் நீர் வற்றும்போதோ அந்த ஆபத்து அதிகம். தசை முழுவதும் இறுகும், இறுகிய தசை சூட்டைக் கக்கும், வேர்வையும் நாடியும் அழுத்தமும் கட்டுமீறும், நினைவு கலங்கும். தசை உடைந்த கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். எனக்கு வந்தது அதே மருந்தின் சின்னக் குறும்பு. அவனுக்கு வந்தது உயிரைக் கேட்கிற ஒன்று. பைத்தியம் அதிகமாகிவிட்டது என்று தவறாக நினைத்து அதே மருந்தை மேலும் கொடுப்பதுதான் இதில் பலபேரைக் கொல்கிறது என்றார். பொன்னுத்தாய் அதைக் கேட்டு அழவில்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் முன் டாக்டர் கேஸ் ஷீட்டைத் திருப்பினார். என் முதல் நாள் வரி கண்ணில் பட்டது. பேனாவை என்னிடம் நீட்டினார்.

“அடிங்க. ஒரே கோடு. அடியில இருக்கறது படிக்கத் தெரியணும்.”

அடித்தேன். பக்கத்தில், நோயாளி சொன்னது சரி என்று எழுதி, நேரம் போட்டேன். கையெழுத்து முன்போல அழகாக வரவில்லை. அது மருந்தா நானா என்று தெரியவில்லை.

பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாட்கள். ஈர விரிப்பு போர்த்தி விசிறி வைத்தோம், அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் பைகள். நரம்பில் பாட்டில் பாட்டிலாகத் திரவம். மூளையில் அந்த மருந்து அடைத்த வாசலை எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டித் திறக்கிற மாத்திரை ஒன்றை, மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தோம். மனநல மருத்துவர் ஒருவர் தினமும் வந்தார். டாக்டர் கோமதி காலை, மதியம், மாலை மூன்று வேளையும் வந்து, அந்த முழங்கையைப் பிடித்துக் கண்ணை மூடுவார். ஐந்தாம் நாள் சிறுநீர் வெளுத்தது. ஏழாம் நாள் நான் கையைத் துடைக்க மடக்கினேன், பாதி தூரத்தில் அது தானாக இளகி என் உள்ளங்கையில் சாய்ந்தது. இரும்பு மனிதனாகிற காட்சியை எழுத எனக்கு மொழி போதாது. கன்னியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்து, “பாலகன் கை மாதிரி கீது நைனா” என்றார். என் திராட்சை வழக்கும் மோர் வழக்கும் மேலிடம் வரை போய், டாக்டர் எழுதிய ஒரு கடிதத்தால் ஒருமாதிரி நின்றது. கடிதத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை.

கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது. மகனிடம் மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று பொன்னுத்தாய் டாக்டர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். தெரிந்தால் இனி என் கையால் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டான் என்றார். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த உடம்புக்கு எந்த மருந்து எமன் என்று அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும், நீங்கள் சொல்லுங்கள், இல்லையென்றால் நான் சொல்வேன் என்றார். கடைசியில் அந்த அம்மா, நீங்களும் உள்ளே நில்லுங்கள் தம்பி என்று என்னைக் கேட்டார். எதற்கு நான் என்று புரியாமலே நின்றேன்.

தங்கதுரை தலையணையில் சாய்ந்திருந்தான். மெலிந்திருந்தான், கண் தெளிவாக இருந்தது.

“துரை, நான் மோருல மருந்து கலந்தேன்யா,” என்றார் தாயார்.

அவன் தாயாரின் முகத்தைப் பார்த்தான்.

“நான் சொன்னேன்லா,” என்றான். “நோவு பேசுதுன்னு சொன்னீங்க.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை வருஷம் என்று கேட்டான். மூணு முடியப்போவுது என்றார். அவன் என் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, நீங்களும் குடிச்சீங்களாமே.”

“மூணு தம்ளர்,” என்றேன்.

“எப்படி இருந்துச்சு?”

நான் ஜோக் அடிக்கத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். முதலில் உடம்புக்குள் ஈர மணலைக் கொட்டியது போல ஒரு கனம். உட்காரவும் முடியாது, எழுந்தாலும் எங்கே போவது என்று தெரியாது. அப்புறம் நாக்கு என்னுடையது இல்லை, கழுத்து வேறு யாருடைய கையிலோ. எல்லாவற்றையும்விட, சொன்னால் யாரும் நம்பவில்லை, எல்லோரும் சிரித்தார்கள். நான் சொல்லச் சொல்ல அவன் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“அதேதான்,” என்றான். “அதேதான்ணே.” சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு எங்கேயோ போய் அழுகையாகத் திரும்பி வந்தது. அம்மாவின் பக்கம் கையை நீட்டி, “கேட்டுக்கோம்மா. இவரு மூணு தம்ளர்தான்” என்றான்.

பொன்னுத்தாய் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெளியே கன்னியம்மா யாரையோ விரட்டுகிற சத்தம் கேட்டது. அவன்தான் பேசினான்.

“மருந்து வேணும்னா என் கையில குடும்மா. நான் பாத்து முழுங்குதேன்.”

“துப்பிட்டேன்னா?”

அவன் யோசித்தான்.

“துப்பினா, துப்பினேன்னு உங்கிட்டச் சொல்லுதேன்.”